வளையத்தைத் திருப்பிய கை

என் தந்தையின் இறுதிச் சடங்கன்று எடுக்கப்பட்ட நிழற்படங்கள் மூன்று எங்கள் வீட்டில் உள்ளன. 1984ஆம் ஆண்டு எடுத்தவை. கறுப்பு வெள்ளைப் படங்கள். அவற்றுள் இரண்டு, அக்கால வழக்கப்படி உற்றார் உறவினர் சவப்பெட்டியைச் சூழ்ந்து நிற்கும் படங்கள். மூன்றாவது படம் மிக நெருங்கி எடுக்கப்பட்டது. தந்தையின் மார்பின்மீது கோத்து வைக்கப்பட்ட கைகளும் அவற்றைச் சுற்றியிருந்த செபமாலையும், மணிகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் என்னும்படி தெளிவாக விழுந்திருக்கின்றன. கைகளுக்கு அப்பால் அமர்ந்திருக்கும் என் தாயின் முகமோ கலங்கிய நீரில் தெரியும் நிழல்போல் இருக்கிறது. அந்த நாளில் அம்மாவை அருகிலிருந்து எடுத்த படம் அது ஒன்றுதான்.

அப்போது எனக்குப் பதினான்கு வயது. படம் கழுவி வந்த நாளிலிருந்து அந்தப் படக்காரர்மீது எனக்கு வருத்தம் இருந்தது. ஊரில் அவர் ஒருவரே ஸ்டுடியோ வைத்திருந்தார். எல்லாருக்கும் அவர் 'ஸ்டுடியோ அண்ணாச்சி'. கைகளைத் தெளிவாக எடுக்கத் தெரிந்தவருக்கு முகத்தைத் தெளிவாக எடுக்கத் தெரியவில்லையா என்பது என் குறை. அவரிடம் கேட்கும் துணிவு அன்று எனக்கு இல்லை. வெகுகாலத்திற்குப் பிறகே கேட்டேன். அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

கடந்த ஆண்டு அவருடைய பேரன் என்னைக் காணப் பங்கு இல்லத்திற்கு வந்தான். கையில் புதிய டிஜிட்டல் கேமரா. அதன் முகப்பில் மட்டும் சற்றும் பொருந்தாத தோற்றத்தில் கனத்த கறுப்பு லென்ஸ் ஒன்று நீண்டிருந்தது. "தாத்தாவோட லென்ஸ் சாமி" என்றான். வாங்கிப் பார்த்தேன். 'ஹீலியோஸ் 44-2' என்னும் பெயரும், 58 மில்லிமீட்டர் என்னும் குவியத் தூரமும், சோவியத் நாட்டில் செய்யப்பட்டது என்னும் குறிப்பும் அதன் விளிம்பில் பொறிக்கப்பட்டிருந்தன. தொடர் எண் 79 என்று தொடங்கியது. அவ்வகை லென்ஸ்களில் முதல் இரண்டு இலக்கங்கள் பெரும்பாலும் செய்த ஆண்டைக் குறிக்கும் என்று பையன் விளக்கினான். என் தந்தையின் கைகளைப் பார்த்த கண்ணாடி இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றியது. அண்ணாச்சியிடம் வேறு லென்ஸ் இருந்ததாக நினைவில்லை.

பழைய லென்ஸைப் புதிய கேமராவில் பொருத்துவது இன்று உலகெங்கும் பலர் ஈடுபாட்டோடு செய்யும் காரியம். இதனை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாம். ஆயினும் இதற்குள் ஒழுக்கவியல் சார்ந்த வினா ஒன்று மறைந்து கிடப்பதாக எண்ணுகிறேன். அதற்குச் செல்லுமுன், இந்தக் கண்ணாடி கடந்து வந்த பாதையைச் சிறிது பார்ப்போம்.

ஹீலியோஸ் லென்ஸின் வடிவமைப்பு ஜெர்மனியில் பிறந்தது. யேனா நகரின் கார்ல் சைஸ் தொழிற்சாலை 1930களின் பிற்பகுதியில் உருவாக்கிய 'பியோட்டார்' லென்ஸே இதன் மூலம். நான்கு தொகுதிகளாக அமைந்த ஆறு கண்ணாடிகள் இதனுள் உள்ளன. அந்தத் தொழிற்சாலையின் வரலாறு நம்மைப் பெருமிதத்திற்கும் வெட்கத்திற்கும் மாறி மாறி இட்டுச் செல்லும். அதனை வழிநடத்திய எர்ன்ஸ்ட் ஆபே என்ற இயற்பியல் அறிஞர், 1889இல் ஓர் அறக்கட்டளையை நிறுவி, தமக்கு உரிய பங்குகளையே அதனிடம் ஒப்படைத்தவர். 1900ஆம் ஆண்டிலேயே அங்கு எட்டு மணி நேர வேலை நாள் நடைமுறைக்கு வந்தது. நீதியான உழைப்பு பற்றிப் பேசும் எவரும் நன்றியோடு நினைக்கத் தக்க மனிதர் அவர். அதே நிறுவனத்தில்தான் இரண்டாம் உலகப் போரின்போது அயல்நாட்டவர் கட்டாய உழைப்புக்கு உட்படுத்தப்பட்டனர். போர் முடிந்தபின் யேனா சோவியத் ஆட்சிப் பகுதிக்குள் வந்தது. இழப்பீடு என்ற பெயரில் இயந்திரங்கள் கழற்றி எடுத்துச் செல்லப்பட்டன. 1946 அக்டோபரில் வல்லுநர் பலர் தம் குடும்பங்களோடு இரயில் ஏற்றி அனுப்பப்பட்டனர். அவர்களுடைய விருப்பம் கேட்கப்படவில்லை. மாஸ்கோவுக்கு அருகிலுள்ள கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் ஜெர்மானிய வடிவமைப்பு ஹீலியோஸ் என்று புதுப்பெயர் பெற்று, 'செனித்' கேமராக்களின் முகப்பில் ஏறி உலகெங்கும் சென்றது. அவற்றுள் ஒன்று பல கைகள் மாறி, எங்கள் ஊர் ஸ்டுடியோவின் கண்ணாடி அலமாரிக்கும் வந்து சேர்ந்தது.

அநீதியால் இடம்பெயர்ந்த ஒரு பொருளைக் கையில் வைத்திருப்பது பாவமா என்று கேட்டால், இல்லை என்பேன். நம் வீடுகளில் உள்ள எத்தனையோ பொருள்கள் அவ்வாறு வந்தவையே. ஆனால் அதன் வரலாற்றை அறிந்தபின் அதனை ஒரு வேடிக்கைப் பொருளாக மட்டும் கையாள மனம் வருவதில்லை. அவ்வளவே.

இனி, பழையதைப் புதியது ஏற்றுக்கொள்ளும் விதத்திற்கு வருவோம். ஒவ்வொரு கேமராவிலும் லென்ஸ் அமரும் விளிம்பிற்கும் படம் பதியும் தளத்திற்கும் இடையே குறிப்பிட்ட ஒரு தூரம் உண்டு. ஹீலியோஸ் சுழற்றிப் பொருத்தப்படும் எம்42 என்னும் திருகுமரை அமைப்பில் அது 45.46 மில்லிமீட்டர். கிழக்கு ஜெர்மனியில் தோன்றிய அந்தத் திருகுமரை எந்த ஒரு நிறுவனத்தின் தனியுரிமையாகவும் இராமல், ஜெர்மானியரும் ஜப்பானியரும் உருசியரும் பொதுவாகப் பயன்படுத்தியது. பின்னர் வந்த காலம் வேறு. நிறுவனங்கள் தத்தமக்கென வேலி கட்டிக்கொண்டன. சில நேரங்களில் தம் சொந்த வேலியையே பிடுங்கி நட்டன: 1987இல் கேனான் நிறுவனம் தானியங்கிக் குவியத்திற்காகத் தன் பொருத்து முறையை அடியோடு மாற்றியபோது, அதே பெயர் தாங்கிய பழைய லென்ஸ்கள் புதிய கேமராக்களுக்கு அந்நியமாயின.

2008 முதல் சந்தைக்கு வந்த கண்ணாடியில்லாக் கேமராக்கள் நிலைமையை மாற்றின. பழைய கேமராவின் உள்ளே சாய்ந்து நின்று காட்சியை நம் கண்ணுக்கு அனுப்பிய பிரதிபலிப்புக் கண்ணாடி இவற்றில் இல்லை. அது நின்ற இடம் மிச்சமாயிற்று. எனவே லென்ஸின் விளிம்பிற்கும் பதிவுத் தளத்திற்கும் இடையிலான தூரம் சோனியின் இவ்வகைக் கேமராக்களில் 18 மில்லிமீட்டராகவும், நிக்கானின் 2018ஆம் ஆண்டு அமைப்பில் 16 மில்லிமீட்டராகவும் குறைந்தது. பழைய லென்ஸுக்குத் தேவையான தூரத்தில் எஞ்சிய ஏறத்தாழ 27 அல்லது 29 மில்லிமீட்டரை ஓர் உலோக வளையத்தால் நிரப்பினால் போதும். அந்த வளையத்தினுள் கண்ணாடி இல்லை, மின்சுற்றும் இல்லை. உள்ளே வெறும் வெளிதான். புதிய கேமராவைச் செய்தவர்கள் பழையவற்றின் நலனை எண்ணி இதைச் செய்தார்கள் என்று நான் நம்பவில்லை. கருவியைச் சிறிதாக்க முயன்றார்கள். தற்செயலாக ஒரு கதவு திறந்துகொண்டது.

பையன் காட்டிய மற்றொரு செய்தி எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. இந்தப் பழைய லென்ஸைப் பொருத்தியவுடன் கேமரா, தன்னோடு எந்த லென்ஸும் இணைக்கப்படவில்லை என்று அறிவிக்கிறது. மின்தொடர்பால் பேசாத எதுவும் அதன் கணக்கில் இல்லாத பொருள். 'லென்ஸ் இல்லாவிடினும் படம் எடு' என்று அமைப்புப் பட்டியலில் அதற்கு ஆணையிட வேண்டும். எடுத்த படத்தோடு சேரும் குறிப்பிலும் லென்ஸின் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகவே இருக்கும். கண்ணெதிரே உலகம் முழுவதும் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் கேமராவினுள் நுழைகிறது; கேமராவோ எதுவும் இல்லை என்கிறது!

இவ்வகை லென்ஸ்களை விரும்புவோர் கூறும் காரணங்கள் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. ஹீலியோஸைத் தேடி வாங்குவோரில் பெரும்பாலோர் அதன் ஒரு குறைக்காகவே வாங்குகின்றனர். துளையை முழுமையாகத் திறந்து எடுக்கும்போது, ஓரங்களில் சாய்வாக நுழையும் ஒளிக்கதிர்கள் லென்ஸ் குழலின் விளிம்பால் வெட்டுண்டு, பின்னணியின் ஒளிப்புள்ளிகள் பூனைக் கண்போல் நீண்டு, நடுவிலுள்ள உருவத்தைச் சுற்றிச் சுழல்வதுபோல் தோன்றும். வடிவமைத்தவர்கள் நீக்க முயன்று முழுமையாக நீக்க முடியாமல் விட்ட பிழை இது. இன்று அது அணிகலனாகிவிட்டது. இலைகள் சுழலும் பின்னணியில் ஒரே மாதிரியான முகங்கள் ஆயிரமாயிரம்! பிழையை விலை கொடுத்து வாங்கிப் பூண்டுகொள்வதும், கையால் செய்தேன் என்னும் செருக்கும், பழமைமீது கொள்ளும் உண்மையான மதிப்பு ஆகா.

என் வினா வேறு. பழைய லென்ஸில் குவியத்தைக் கையால் அமைக்க வேண்டும். இதில் வேறு வழியில்லை. 1985இல் மினோல்ட்டா 7000 வெளிவந்து வெற்றி பெற்ற நாள் முதல், எது தெளிவாக இருக்க வேண்டும் என்பதை அளந்து லென்ஸை நகர்த்தும் வேலையைக் கருவி ஏற்றுக்கொள்ளத் தொடங்கியது. அப்போதும் எந்த இடத்தில் அளப்பது என்பதை மனிதரே காட்டினர். இன்றைய கேமரா அதையும் கடந்துவிட்டது. முகத்தைத் தானே கண்டுபிடிக்கிறது. முகத்தில் கண்ணையும் கண்டுபிடித்துப் பற்றிக்கொள்கிறது. சில கேமராக்களில் முகங்களை முன்கூட்டியே பதிந்து வைத்து, எவருக்கு முன்னுரிமை என்று வரிசைப்படுத்தவும் இயலும்.

குவியம் என்பது எவ்வளவு கறாரான காரியம் என்பதைப் பலர் அறியார். ஹீலியோஸின் துளையை முழுமையாகத் திறந்து ஒரு மீட்டர் தொலைவில் உள்ளவரைப் படம் எடுத்தால், ஏற்கத்தக்க தெளிவோடு விழும் ஆழம் மூன்றரை சென்டிமீட்டர் அளவே. இரண்டு விரற்கடை! கண் தெளிந்தால் காது மங்கும். அதற்கு முன்னும் பின்னும் உள்ள உலகம் முழுவதும் விலக்கப்படுகிறது. எந்த இரண்டு விரற்கடை என்பதை யாரேனும் தீர்மானித்தே ஆக வேண்டும்.

குருமடத்தில் ஒழுக்கவியலின் முதல் பாடமாக எங்களுக்குக் கற்பிக்கப்பட்டது புனித தோமா அக்குவினாரின் ஒரு வேறுபாடு. மனிதரிடம் நிகழும் எல்லாம் மனிதச் செயல் ஆகாது. வேறு எதையோ எண்ணிக்கொண்டு தாடியைத் தடவும் மனிதன் ஒரு செயலைச் செய்கிறான். ஆயினும் அது அறிந்து, தேர்ந்து, விரும்பிச் செய்யும் செயல் அன்று. அறிவும் விருப்பமும் கூடிய செயலே முழுமையான பொருளில் மனிதச் செயல். பாராட்டும் பழியும் அதற்கே உரியன. இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்கிறேன்: கேமரா தானே தேர்ந்த முகம் தெளிவாகவும் மற்றொரு முகம் மங்கலாகவும் விழுந்த படம் யாருடைய செயல்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமணம். மணமகளின் தந்தை நோயுற்றிருந்தார். அதற்குப் பின் அவர் நெடுநாள் வாழவில்லை. திருமண ஆல்பத்தில் அவர் பத்துப் பதினைந்து படங்களில் இருக்கிறார். ஒன்றிலும் தெளிவாக இல்லை. மணமக்களின் முகங்களையே கேமரா விடாமல் பற்றியிருந்தது. குடும்பத்தார் மனம் வருந்திக் கேட்டபோது படம் எடுத்த இளைஞர், "கேமரா அப்படி எடுத்திருச்சு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவரை நான் குற்றஞ்சாட்டவும் இல்லை. ஆனால் அந்த வாக்கியத்தின் எழுவாய் என்னை விட்டு அகலவில்லை. எடுத்தது கேமரா. வருந்தவேண்டிய ஒருவர் அந்த வாக்கியத்தில் இல்லை.

இதற்கு மறுப்பு உண்டு. கருவியிடம் ஒப்படைத்ததும் ஒரு தேர்வுதானே என்று கேட்கலாம். சரியான கேள்வி. குடித்தவன் போதையில் செய்த தீமையை அவன் அந்நேரம் விரும்பவில்லை எனினும், குடிப்பதை விரும்பினான். ஆகவே காரணத்தில் அவனுடைய விருப்பம் இருக்கிறது என்று ஒழுக்கவியலார் கூறுவர். அதுபோல் கருவியின் தேர்வுக்கும் அதனை இயக்கியவரே பொறுப்பு. இதை நான் மறுக்கவில்லை. பொறுப்பு போய்விடவில்லை, தூரத்தில் போய் நிற்கிறது. காலையில் அமைப்புப் பட்டியலில் ஒருமுறை அழுத்திய பொத்தானில் அது கிடக்கிறது. மாலையில் வாசலருகே நாற்காலியில் அமர்ந்திருக்கும் நோயுற்ற தகப்பனைப் பார்க்கும் வேளையில் அது நினைவுக்கு வருவதில்லை. தூரத்தில் நிற்கும் பொறுப்பை நாம் உணர்வதில்லை என்பதே என் கவலை.

மற்றொரு மறுப்பும் உண்டு. அது இன்னும் வலிமையானது. தானியங்கிக் குவியம் பலருக்குப் பேருதவி. பார்வை மங்கியவர்களும் கை நடுங்குகிறவர்களும் ஓடும் பிள்ளையைப் படம் பிடிக்கும் தாயும் அதனால் பயன் பெறுகின்றனர். எனக்கே கண்ணாடி இல்லாமல் பூசைப் புத்தகம் தெரிவதில்லை. கருணையான கருவியை வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. மேலும், பழைய லென்ஸை நான் இன்று பயன்படுத்த முடிவதே புதிய கேமராவின் தயவால்தான். குவியத்தில் உள்ள விளிம்புகளை அது சிவப்புக் கோடிட்டுக் காட்டுகிறது; வேண்டிய இடத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது; துளையைச் சுருக்கினாலும் காட்சி இருண்டுவிடாமல் ஒளியேற்றித் தருகிறது. அண்ணாச்சிக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. அந்த லென்ஸில் துளைக்கு இரண்டு வளையங்கள்: ஒன்றில் வேண்டிய அளவை வைத்துக்கொண்டு, மற்றொன்றைத் திறந்து வெளிச்சத்தில் குவியம் பார்த்து, பின் மூடிக்கொண்டு அழுத்த வேண்டும். மூட மறந்தால் படம் வெளுத்துப்போகும். படம் எப்படி வந்தது என்பது மறுநாள் இருட்டறையில்தான் தெரியும். புதிய கருவி நமக்கு இவ்வளவு உதவி செய்தபின், கடைசித் தீர்மானத்தை மட்டும் கையில் விட்டுவைக்கிறது. பழையதும் புதியதும் இவ்வாறு சேர்வதில் ஒரு நல்ல பங்கீடு இருப்பதாக எனக்குப் படுகிறது. சிவப்புக் கோடும் சில நேரம் ஏமாற்றும். மாறுபாடு மிகுந்த விளிம்பை அது தெளிவு என்று எண்ணிவிடும். அப்போது நம் கண்ணையே நம்ப வேண்டியிருக்கிறது.

அண்ணாச்சியிடம் நான் கேட்டது, குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகள் கழிந்தபின். ஊருக்குப் போயிருந்தேன். ஸ்டுடியோவை மூடிவிட்டிருந்தார். சிறு வயதில் என்னைத் 'தம்பி' என்றவர் அன்று 'சாமி' என்றழைத்து, எழுந்திருக்க முயன்றார். அமர்த்திவிட்டு, பேச்சோடு பேச்சாக அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டேன். குறையாகக் கேட்கவில்லை என்று எண்ணிக்கொண்டேன். ஆனால் குரலில் குறை இருந்திருக்கும். அவருக்கு அந்தப் படம் நன்றாக நினைவிருந்தது.

"அம்மா முகத்துலதான் சாமி மொதல்ல வச்சேன். துல்லியமா நின்னுச்சு. கண்ணாடிக்குள்ள அந்த முகத்தப் பாத்ததும் எனக்குக் கை ஓடல. இத எடுத்துட்டா, இந்த வீட்டுல பிள்ளைங்க காலம் பூராவும் இதையில்லா பாத்துக்கிட்டு இருக்கணும்னு தோணுச்சு. வளையத்த அய்யா கைக்குத் திருப்பிட்டேன்."

சற்று நேரம் கழித்து, "தப்புன்னா என் தப்புதான்" என்றார்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிழை என்று நான் எண்ணி வந்தது பிழை அன்று. தெளிவாகக் கண்டபின் விலகியது. இரண்டு விரற்கடை அளவு வளையத்தைத் திருப்பியதில் ஒரு மனிதர் என் தாயின் துயரத்தின்மீது துணி ஒன்றைப் போர்த்தினார்.

ஆனால் அவருக்கு அந்த உரிமை உண்டா? இதனை நான் பலமுறை எனக்குள் விவாதித்திருக்கிறேன். அந்த முகத்தைப் பார்க்கும் உரிமை பிள்ளைகளாகிய எங்களுக்கு இருந்தது என்று ஒரு மனம் கூறும். துயரத்தை மறைப்பது துயரத்திற்குச் செய்யும் மரியாதையா, அன்றி அதனை நேரே காணும் துணிவின்மையா? நாற்பது வயதில் நான் அவர்மீது கோபங்கொண்டிருக்கவும் கூடும். என் தாயிடம் ஒருநாள் அந்தப் படத்தைக் காட்டி, முகம் தெளிவாக இல்லையே என்றேன். "அப்பா கை நல்லா விழுந்திருக்குல்ல" என்றார். அதற்குமேல் பேசவில்லை. அவர் சொன்னது விடையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவரும் இப்போது இல்லை.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம். அண்ணாச்சியோடு என்னால் வாதிட முடிகிறது. அவர் செய்தது சரி என்றோ தவறு என்றோ கூற முடிகிறது. மன்னிக்கவும் நன்றி சொல்லவும் முடிகிறது. அங்கே ஒரு மனிதர் இருந்தார். முகத்தைக் கண்டவுடன் தானே பற்றிக்கொள்ளும் கேமரா அன்று அவர் கையில் இருந்திருந்தால், என் தாயின் முகம் ஒவ்வொரு கண்ணீர்த் துளியோடும் துல்லியமாக விழுந்திருக்கும். ஒருவேளை அதுவே எனக்குப் பிடித்தும் இருக்கும். அப்படத்தை எடுக்க வேண்டும் என்று ஒருவரும் தீர்மானித்திருக்க மாட்டார்கள்.

பையன் வந்த அன்று மாலை அவனோடு அவர்கள் வீட்டிற்குச் சென்றேன். அண்ணாச்சியின் மனைவி திண்ணையில் அமர்ந்திருந்தார். எண்பதைக் கடந்தவர். "ஆச்சிய நீங்களே ஒண்ணு எடுங்க சாமி" என்று பையன் கேமராவை என் கையில் கொடுத்துவிட்டான். கண்ணருகே வைத்து வளையத்தைத் திருப்பினேன். எண்ணெய் இறுகிய மரைபோல் அது மெல்லத்தான் நகர்ந்தது. சிவப்புக் கோடுகள் முதலில் தூணில் ஏறின. பிறகு சேலை முந்தானையில், பிறகு மடியில் கிடந்த கைகளில். முகத்தைத் தாண்டிப் பின்னால் இருந்த சுவருக்குப் போய்விட்டேன். அங்கே மாலை போட்ட அண்ணாச்சியின் படம் தொங்கியது. ஒரு கணம் அங்கேயே நின்றேன். பிறகு வளையத்தை மீண்டும் இந்தப் பக்கம் திருப்பி, ஆச்சியின் கண்களுக்குக் கொண்டுவந்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

அழுத்தினேன். "விழுந்துட்டா சாமி?" என்று கேட்டார்.

பையன் திரையைப் பெரிதாக்கிப் பார்த்து, கண் சற்றே விலகி இமையில் நின்றிருப்பதாகச் சொன்னான். மறுபடி எடுக்கலாமா என்றான். ஆச்சி அதற்குள் காப்பி போட எழுந்துவிட்டார்.